ரெண்டாவது கரண்டி

வேண்டாம் தம்பி, பிஸ்கட்டை நீங்களே சாப்பிடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. பசி இல்லாம இல்ல. அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, பின்னாடி பொடி எழுத்துல போட்டிருப்பான், நூறு கிராமுக்கு இவ்வளவு கலோரின்னு. சரி, ஒரு பிஸ்கட் எத்தனை கிராம்? அதைப் போட்டிருக்க மாட்டான். நான் வீட்டுல நிறுத்துப் பாத்திருக்கேன். ஒரே பாக்கெட்டுல ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. அப்ப நான் எதைன்னு கணக்குல ஏத்தறது? கணக்குல வராத பொருளை வாயில வைக்கறதில்லைன்னு ஒரு கொள்கை.

உங்க அக்காதானே ரெண்டாவது கட்டில்ல இருக்கறது? குடலிறக்கமா. சரியாயிடும், பயப்படாதீங்க. கதவோரம் முதல் கட்டில், அது என் சம்சாரம். மங்கையர்க்கரசி. பொம்பளைங்க வார்டு, நம்ம ரெண்டு பேரையும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் உள்ள விடுவாங்க. சாப்பாட்டு வண்டி வர இன்னும் நேரமிருக்கு. உக்காருங்க.

என் பேரு தெய்வசிகாமணி. இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க, போலீஸ் இல்ல. முத்திரை ஆய்வாளர். கடைத் தராசு, படிக்கல், மண்ணெண்ணெய் ஊத்தற லிட்டர், இதெல்லாம் சரியா இருக்கான்னு பாத்து முத்திரை குத்தற உத்தியோகம். பாத்தீங்களா, இன்ஸ்பெக்டர்னதும் எந்திரிச்சீங்க, முத்திரைன்னதும் உக்காந்துட்டீங்க. சர்வீஸ் முழுக்க இப்படித்தான்.

ஒரு கிராம் தப்பினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. பெருமைக்குச் சொல்லல. அப்படிப்பட்ட என்னைப் பாத்து இன்னிக்குக் காலையில அந்த டாக்டரம்மா என்ன கேட்டுச்சு தெரியுமா? "வீட்டுல இவங்களுக்குச் சாப்பாடு போட்டீங்களா இல்லையா சார்?" எல்லார் முன்னாடியும். நர்ஸ் பொண்ணு சிரிக்கக்கூட இல்ல, அப்படியே பாத்துக்கிட்டு நிக்குது. இந்த ஊருலயே பொண்டாட்டிக்குக் கிராம் கணக்குல சோறு போட்ட ஒரே ஆள் நான்தான் தம்பி. என்னைப் பாத்து!

மங்கைக்குப் பித்தப்பையில கல்லு. எடுத்தாகணும். ஆனா ஆபரேஷனைத் தாங்கற அளவுக்கு உடம்புல தெம்பில்லையாம், ரத்தம் கம்மியாம். அதனால படுக்க வச்சு, சாப்பாடு குடுத்துத் தேத்தறாங்க. ஒரு தடவை தேதி குறிச்சுத் தள்ளிப் போட்டாச்சு. நாளைக்குக் காலையில மறுபடி எடை பாப்பாங்க. ஏறியிருந்தா ஆபரேஷன். ஏறலைன்னா மறுபடி தள்ளணும். இதுக்கு நடுவுல அந்தப் பை வீங்கி சீழ் வச்சுதுன்னா உயிருக்கே ஆபத்துன்னு நேத்து என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க. எனக்கு ராத்திரி தூக்கமில்ல. பயமா இருக்கு தம்பி, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா எடை ஏன் ஏறலைங்கறதுதான் எனக்குப் புரியல. நீங்க படிச்ச பிள்ளையா தெரியறீங்க. முழுசா கேட்டுட்டுச் சொல்லுங்க.

ரிட்டையர் ஆன பிறகு எனக்குச் சர்க்கரை எல்லையில நிக்குதுன்னான் எங்க தெரு டாக்டர். எடையைக் குறைங்க, சாப்பாட்டைப் பாத்து சாப்பிடுங்கன்னான். பாத்து சாப்பிடறதுன்னா என்ன? கண்ணால பாக்கறதா? அது ஒரு அளவா? என் மக எழிலரசி, திருப்பூர்ல இருக்கா, அவதான் போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்தா. என்ன சாப்பிட்டோம்னு போட்டா கலோரி சொல்லுமாம். முதல் நாளே எனக்கும் அதுக்கும் ஒத்து வரல. ஒரு இட்லின்னு போட்டா ஒரு நம்பர் சொல்லுது. யார் வீட்டு இட்லின்னு கேக்கல. என் மச்சினி வீட்டு இட்லி உள்ளங்கையில அடங்கும், எங்க வீட்டுது தட்டை மறைக்கும். ரெண்டும் ஒண்ணா? சாம்பார் ஒரு கப்னு போட்டிருக்கு. மேல தெளிஞ்ச சாம்பாரா, அடியில மண்டின பருப்பா? அதைக் கேக்கல. வடிச்ச சோறு ஒரு அளவு, குக்கர் சோறு ஒரு அளவு, தண்ணி கூடினா எடை கூடும், கலோரி கூடாது. இது எதுவும் அந்த ஆப்புக்குத் தெரியல. ஊர்ல பாதிப்பேரு இந்த நம்பரை நம்பித்தான் சோத்தைக் குறைச்சுக்கிட்டிருக்கான். முத்திரை இல்லாத தராசுல நகை நிறுக்கற மாதிரி.

அதனால நானே ஒரு முறை வச்சேன். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் போடும்போதே நிறுத்துப் போடணும். எண்ணெயை மங்கை சட்டியில சாய்ச்சு ஊத்துவா. என்னடி அளவுன்னு கேட்டா, கைக்குத் தெரியும்பா. கைக்கு எப்படித் தெரியும்? ஸ்பூன் வாங்கிக் குடுத்தேன். சமைச்சு முடிச்சதும் பாத்திரத்தோட எடை, பாத்திர எடையைக் கழிச்சா சாப்பாட்டு எடை. அதை ரெண்டு டப்பாவுல பிரிச்சுடுவேன். நீல மூடி எனக்கு, வெள்ளை மூடி அவளுக்கு. எனக்கு இவ்வளவு கலோரி, அவளுக்குக் கொஞ்சம் கம்மி. பொம்பளைக்குக் கம்மிதான் வேணுமாம், ஆப்லயே போட்டிருக்கு. அவளும் சேந்து இளைச்சா நல்லதுதானேன்னு சேத்துக்கிட்டேன். சட்டியை வழிச்சுத் துடைச்சுடுவேன். ஒரு பருக்கை கணக்குக்கு வெளியில நிக்காது.

சாப்பிட உக்காந்தா நீல டப்பாவைத் தட்டுல கவுத்துப்பேன். அவ பக்கத்துலயே நிப்பா. நீயும் உக்காருன்னா, நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன்பா. கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான். நான் பாட்டுக்குச் சாப்பிடுவேன், முடிக்கப் போற நேரத்துல ஒரு கரண்டி வைப்பா. ஒரு தடவையோட பரிமாறறதை நிறுத்தக் கூடாதாம், ஒத்தைக் கரண்டி வீட்டுக்கு ஆகாதாம். ரெண்டாவது கரண்டி வச்சே ஆகணும். அவங்க அம்மா வீட்டுப் பழக்கம். நான் சத்தம் போட்டுப் பாத்தேன். கரண்டி நுனியிலதாங்க, சாஸ்திரத்துக்குங்கறா. சரின்னு விட்டுட்டேன். சாஸ்திரத்துக்கு வைக்கறதுல ஏது கலோரி? அது கணக்குல வராது. சோத்துல ஒரு கரண்டி, குழம்புல ஒரு கரண்டி, பொரியல்ல ஒரு கரண்டி. தோசைக்குக் கரண்டி நுனின்னு ஒண்ணு கிடையாது, அதனால பாதியாக் கிழிச்சு வைப்பா. "முகம் வாடிப்போச்சுங்க உங்களுக்கு"ன்னுவா. முகத்துக்கு என்ன கலோரி!

முறை பலிச்சுது தம்பி. அதுதான் முக்கியம். எனக்கு இல்ல, எனக்குக் கொஞ்சமும் இறங்கல, ஏன்னு பின்னாடி சொல்றேன். மங்கைக்கு நல்லா இறங்குச்சு. வாரா வாரம் எடை பாத்தா ஏணிப்படி மாதிரி இறங்குது. ஜாக்கெட்டெல்லாம் பிடிச்சுத் தைச்சா. கல்யாண மோதிரம் விரல்ல நிக்கல, நான்தான் உள்பக்கம் நூல் சுத்திக் குடுத்தேன். காலேஜ் மைதானத்துல காலையில எங்களோட நடக்க வர்ற தாசில்தார் ஒருத்தர், "என்ன சார், உங்க வீட்டம்மா ஆளே பாதியாயிட்டாங்க"ன்னாரு. என் முறை சார்னேன். நாலு பேருக்கு விளக்கிச் சொன்னேன். ஒருத்தர் டப்பாகூட வாங்கிட்டாரு. எனக்கு ஏன் இறங்கலைன்னா, என் உடம்பு ஒரு மாதிரி பிடிவாதம். சில தராசு எண்ணெய் போட்டாலும் ஆடாது, அப்படி.

எழில் தீபாவளிக்கு வந்தா. வாசல்லயே அம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறா. "என்னப்பா இது, அம்மா ஏன் இப்படி இருக்காங்க?" நான் போனை எடுத்துக் காமிச்சேன். பாரு, ஒரு நாள்கூட விடுபடல, தினம் அவ வெள்ளை டப்பா காலி, அளவு எல்லாம் சரி. அதைப் பாக்கவே இல்ல. "அம்மா சாப்பிடறதை நீங்க கண்ணால பாத்திருக்கீங்களாப்பா?"ன்னு கேக்கறா. இது ஒரு கேள்வியா? நான் எதுக்குப் பாக்கணும்? டப்பாதான் காலியா இருக்கே. ரெண்டு நாள் என்கூடப் பேசாமயே திருப்பூருக்குப் போயிட்டா. பெத்த பொண்ணு. நமக்குப் பிறந்ததுக்கு அளவுங்கறது மேல ஒரு மரியாதை இல்லையேன்னு வருத்தமா இருந்துச்சு.

அப்புறம் பொங்கலுக்கு முந்தி மாவு மில்லுல அரிசி மாவு திரிக்கப் போனவ, அங்கயே மயங்கி விழுந்துட்டா. வலது பக்கம் விலாவுக்குக் கீழ சுருட்டிப் பிடிக்குதுன்னு அழுதா. அவ அழுது நான் அதிகம் பாத்ததில்ல. மில்லுக்காரரே ஆட்டோ பிடிச்சு இங்க கொண்டு வந்து சேத்தாரு. ஸ்கேன்ல கல்லு. திடீர்னு ரொம்ப இளைச்சா இப்படிக் கல்லு வரும்னாங்க. நான் என்ன திடீர்னா இளைக்க வச்சேன்? படிப்படியாத்தானே?

இங்க குடுக்கற சாப்பாட்டைப் பத்தி நான் குறையே சொல்ல மாட்டேன். சத்துமாவுக் கஞ்சி, அவிச்ச முட்டை, சுண்டல், பருப்பு சாதம், பாலு. எல்லாம் தாராளம். நான் மூணு வேளையும் கரெக்டா வந்துடறேன். வீட்டுலேருந்து என் நீல டப்பாவை நிறுத்துக் கொண்டாந்து, அவ கட்டில்மேலயே ஒரு ஓரமா உக்காந்து சாப்பிடறேன். அவ தட்டுலேருந்து கொஞ்சம் எடுத்து என் டப்பாவுல வைப்பா. இங்க வந்தும் அந்தப் பழக்கம் விடல. படுத்திருக்கற பொம்பளை, முட்டையைப் பிட்டு வைக்கறா. வேண்டாம்னா கண்ணு கலங்குது. "வீட்டுல யாரு உங்களுக்கு வைக்கறா? நீங்களா தனியா உக்காந்து சாப்பிடறீங்களே"ங்கறா. மனசு கேக்கல, சாப்பிட்டுடறேன். ஆஸ்பத்திரி சாப்பாடு என் கணக்குல வராது, வீட்டுல நிறுத்தது இல்லையே. அப்புறம் அவளுக்குப் போதும்னு தோணிடும், மிச்சம் வச்சா நர்ஸ் திட்டும்னு அதையும் என் பக்கம் தள்ளிடுவா. நர்ஸ் வந்து, "தட்டு காலியா? வெரிகுட் மங்கையம்மா"ன்னுட்டுப் போகும். அந்த வெரிகுட்டுக்கு ஒரு சிரிப்பு சிரிப்பா பாருங்க.

இப்பச் சொல்லுங்க. தட்டு காலி. எடை ஏறல. எப்படி?

எனக்கு முதல்ல சந்தேகம் இங்க இருக்கற எடை மிஷின்மேலதான். அதோ அந்தத் தூண் பக்கத்துல நிக்குது பாருங்க. அதைத்தான் இன்னிக்கு மத்தியானம் ஆள் இல்லாத நேரத்துல சாய்ச்சுப் பாத்தேன். முத்திரை போன மாசம் குத்தினது, எங்க ஆபீஸ்ல எனக்கு அப்புறம் வந்த பொண்ணு குத்தினது. அது கை எனக்குத் தெரியும், சுத்தமான வேலை. இருந்தாலும் மனசு ஆறல. நானே ஏறி நின்னேன். தம்பி, இவளை இங்க சேத்ததுலேருந்து நான் ரெண்டு கிலோ கூடியிருக்கேன். நம்ப முடியுதா? ஓடி ஆடி, சரியா தூங்காம, அளந்த டப்பாவைத் தவிர எதையும் தொடாம, நான் ரெண்டு கிலோ கூடறேன். மூணு வேளையும் நல்லாக் குடுக்கறாங்க, அவ குறையறா. மிஷின் அவகிட்டேருந்து எடுத்து எனக்குப் போடுது.

அப்படி ஒரு மிஷின் கிடையாதுங்கறதுதான் பிரச்சினை. தராசு கெட்டுப் போனா எல்லாருக்கும் ஒரே பக்கமாத்தான் கெடும். கூட்டினா எல்லாருக்கும் கூட்டும், குறைச்சா எல்லாருக்கும் குறைக்கும். ஒருத்தர்கிட்ட எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்க அதுக்குக் கையா இருக்கு?

ஒரு தடவை ஒரு மளிகைக் கடை மேல புகார் வந்துச்சு. துவரம்பருப்பு எடை குறையுதுன்னு கூலிக்காரப் பொம்பளைங்க நாலஞ்சு பேர் வந்து சொன்னாங்க. போய்ப் பாத்தேன். தராசு சரி, படிக்கல் சரி, மூட்டை இருப்பும் சரியா இருக்கு. எனக்கு முன்னாடி போனவர் புகார் பொய்யின்னு எழுதிட்டு வந்துட்டாரு. நான் விடல. ஒரு ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன். பாத்துக்கிட்டே இருந்தேன். கடைக்காரன் எல்லாருக்கும் சரியா நிறுக்கறான், பொட்டலம் கட்டும்போது ஒரு பிடி கையில நிக்குது. பெரிய வீட்டு ஆளு யாராவது வந்தா அந்தப் பிடி அவங்களுக்குக் கொசுறாப் போகுது. கொசுறு வாங்கற ஆளு சந்தோஷமா போறான், அது எங்கேருந்து வந்துச்சுன்னு அவன் கேக்கறானா? மொத்தக் கணக்கு எப்பவும் சரியாத்தான் இருக்கும். எழுந்து போய் அந்தக் கையைப் பிடிச்சேன். எனக்கு முன்னாடி இருந்தவங்க தராசைப் பாத்தாங்க, நான் கையைப் பாத்தேன். அதுதான் வித்தியாசம். அந்தக் கேஸுக்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்துச்சு.

என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க?

என்ன கேட்டீங்க? ரெண்டாவது கரண்டியா?

எங்கேருந்து வரும், சட்டியிலேருந்துதான். பரிமாறறவ சட்டியிலேருந்துதானே எடுப்பா.

இல்ல. சட்டியில ஏது. அதைத்தான் நான் வழிச்சுத் துடைச்சுடறேனே. ரெண்டு டப்பாதானே இருக்கு. என் டப்பாவை நான் கவுத்தாச்சு.

அது கரண்டி நுனியிலதான் தம்பி. ரொம்பக் கொஞ்சம்.

பாதி தோசைதான்.

இருங்க. கொஞ்சம் பேசாம இருங்க.

அதோ சாப்பாட்டு வண்டி வந்துடுச்சு. நீங்க போங்க, அக்காவைப் பாருங்க. ஓ, அவங்களுக்கு இன்னிக்கு வெறும் வயிறா. அப்ப உக்காருங்க. நானும் போகல. ஒரு சோதனை பண்ணிப் பாக்கலாம்னுதான். மிஷின்ல ஒரு குறையிருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்ல, நாளைக்குக் காலையில எடை பாக்கறாங்க. வேற ஒண்ணுமில்ல. சோதனைன்னா ஏதாவது ஒண்ணை மாத்திப் பாக்கணும்.

கூப்பிடறா. அவ குரல்தான். கதவோரக் கட்டில், எல்லாம் கேக்கும்.

என்னடி? நான் வரல. நீ சாப்பிடு. இல்ல, நான் சாப்பிட்டாச்சு.

வெளியிலதான் சாப்பிட்டேன். இந்தத் தம்பி கூட்டிட்டுப் போனாரு. எதிர்க்க இருக்கற ஹோட்டல்ல. இட்லி. ஆமா, நல்லா இருந்துச்சு. இல்லடி, ஒத்தையா வைக்கல, ரெண்டாவது தடவையும் வச்சாங்க.

தம்பி, கொஞ்சம் தலையை ஆட்டுங்க, எட்டிப் பாக்கறா.

எத்தனை கலோரின்னு கேக்கறா. வயிறு நிறைய சாப்பிட்டேன்னா நம்ப மாட்டா, நம்பர் சொன்னாத்தான் நம்புவா. நானே பழக்கி வச்சது.

நானூத்தி முப்பது! ஆமாடி, நிறுத்துத்தான் சொல்றேன். டப்பாவா? அப்படியே இருக்கு, திறக்கல. உன் தட்டுல ஒண்ணும் எடுத்து வைக்காத, எனக்கு இடமில்ல வயித்துல. சாப்பிடு.

அடிச்சு விட்டேன் தம்பி. உத்தியோகத்துல ஒரு நாள் இப்படிச் செஞ்சதில்ல. அளக்காம ஒரு நம்பரை வாயால சொன்னதே கிடையாது. என்னமோ வந்துடுச்சு.

பேசாம இருங்க. கேக்குதா? ஸ்பூன் தட்டுல படற சத்தம். நிக்குது. நிறுத்திட்டாளா. இல்ல, மறுபடி கேக்குது பாருங்க. மெதுவாத்தான் சாப்பிடறா. இவ்வளவு மெதுவாவா சாப்பிடுவா? எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துல நான் இதைக் கேட்டதில்ல தம்பி. எப்பவும் அவ உக்காரும்போது நான் எந்திரிச்சுக் கை கழுவப் போயிருப்பேன்.

இன்னும் சாப்பிடறா.

அந்த பிஸ்கட் மிச்சம் இருக்கா? டப்பாவைத் திறந்தா மூடிச் சத்தம் அவளுக்குக் கேட்டுடும், கண்டுபிடிச்சுடுவா. ஒண்ணே ஒண்ணு குடுங்க, பசிக்குது.

இல்ல, ரெண்டாக் குடுங்க. ஒத்தையாக் குடுக்கக் கூடாதாம்.